இளவட்டக்கல்லில் ஒரு சில்லு

டாக்டருக்குப் படிப்பவன் முதல் வருஷத்திலேயே வீட்டில் உள்ளவர்களை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறான். சட்டம் படிப்பவன் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்காகக் கண்டக்டரிடம் வாதாடிப் பார்க்கிறான். படிப்பு என்பது முதலில் தலைக்கு ஏறுவதில்லை. கைக்கும் வாய்க்கும்தான் வருகிறது. தலைக்குப் போய்ச் சேர இன்னும் பல வருஷங்கள் ஆகும். மற்றவர்கள் கையில் அந்த நேரத்தில் பெரும்பாலும் பேனாவோ ஸ்டெதாஸ்கோப்போ இருக்கும், பெரிய சேதம் வராது. நான் படித்தது நிலவியல். என் கையில் சுத்தியல் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் நிலவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்று கேட்பவர்களிடம் "ஜியாலஜி" என்பார். கேட்டவர் முகத்தில் ஒரு மாறுதலும் இருக்காது. "பூமிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கது" என்று அப்பா விளக்கம் சொன்னதும் அந்த முகம் மலரும். "அப்ப நம்ம கிணத்துல தண்ணி எங்கன கெடக்குன்னு தம்பி சொல்லிருமோ?"

சுற்றுவட்டாரம் முழுக்க மானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, பருத்தி. பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவது. அங்கே பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பவன் தண்ணீரைத் தவிர வேறொன்றைப் பார்ப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கோ தண்ணீர் மேல் ஒரு ஈடுபாடும் இல்லை. என் மனசு முழுக்கப் பூமி பிறந்த புதிதில் கிடந்தது. உருகிக் கிடந்த ஒரு உருண்டை எப்படித் தோல் கட்டியது, அதில் முதல் கண்டம் எப்படித் தலை தூக்கியது, அது ஏன் மறுபடி மூழ்கவில்லை, இதையெல்லாம் யாரிடமாவது சொல்லியே தீர வேண்டும் போலிருக்கும். முடிவெட்டுபவரிடம் சொல்லிப் பார்த்தேன். "தலைய ஆட்டாதீரும்வே" என்றார். தறி ஓட்டும் நண்பனிடம் தறிச் சத்தத்துக்கு நடுவே சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டதாகத் தலையாட்டினான். (பிறகு விசாரித்ததில், எனக்கு எங்கேயோ வேலை கிடைத்துவிட்டது என்று அவன் புரிந்துகொண்டிருந்தான்.)

அந்த நிலையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். அதற்குப் பக்கத்து ஊரின் பெயரையும் சொல்ல மாட்டேன்; சொன்னால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள், அதை முதல் ஊர்க்காரர்கள் தாங்க மாட்டார்கள். பெண்ணின் அப்பா வேலுச்சாமி, விவசாயம் பார்க்கும் நல்ல சம்சாரி. நிலம் நிறைய, தண்ணீர்தான் இல்லை. வேலையில்லாத எனக்குப் பெண் கொடுக்க அவர் முன்வந்த காரணத்தை இனி நான் விளக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது அப்பா என் ஜோல்னாப் பையைப் பார்த்தார். முந்தின நாள் பாறை பார்க்கப் போய்விட்டு வந்தவன், பையிலிருந்து எதையும் எடுத்து வைக்கவில்லை. சுத்தியலின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அத வச்சிட்டு வால. பொண்ணு பாக்கப் போறோம், வீடு இடிக்கப் போகல."

"இருக்கட்டும்ப்பா. அது இல்லாட்டா தோள்ல ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு."

அம்மா பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வந்ததில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. அம்மா மட்டும் அன்றைக்குப் பூ மார்க்கெட்டில் இன்னும் கொஞ்ச நேரம் பேரம் பேசியிருந்தால், அப்பா சுத்தியலைப் பிடுங்கி வைக்காமல் விட்டிருக்க மாட்டார், நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே முடியாது.

டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, கரிசல் காட்டு வழியே நடந்து போய்ச் சேர்ந்தோம். வேலுச்சாமி வாசலுக்கே வந்து வரவேற்றார். அவருக்குப் பக்கத்தில் கிடா மீசையும் கதவு அகலத் தோளுமாக ஒருவர் நின்றார். பெண்ணின் தாய்மாமன், பெயர் சுடலைமுத்து. எங்கள் பக்கத்தில் பெண்ணின் அப்பா சரி என்று சொன்னால் பாதி சரி. தாய்மாமன் சரி என்றால்தான் முழுச் சரி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பையில் நீட்டிக்கொண்டிருந்த பிடியைப் பார்த்தார். அப்பாவிடம், "தச்சு வேலையும் தெரியுமோ அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்பா சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பில் என் மீது இருந்த கோபம் எனக்கு மட்டும் தெரிந்தது.

உள்ளே கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. வேலுச்சாமி சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மேக்க நம்ம புஞ்சையில கெணறு வெட்டியாச்சு. வெட்ட வெட்டப் பாறை. தம்பி, தண்ணி எங்கன இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லணும்."

ஒரு வார்த்தைதான் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மாமா" என்று ஆரம்பித்தேன். (நிச்சயம் ஆவதற்கு முன்பே மாமா. சுடலைமுத்துவின் மீசை லேசாக அசைந்தது.) "தண்ணியப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல பாறையப் பத்திச் சொல்லணும். பாறையப் பத்திச் சொல்லணும்னா பூமி எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். மொதல்ல பூமி முழுக்க உருகிக் கெடந்துச்சு."

அப்பா கண்களை மூடிக்கொண்டார். அவர் இதை வீட்டில் கேட்டிருக்கிறார்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். உருகிக் கிடந்த பூமி ஆறியதும் மேலே ஒரு கறுப்புப் பாறை தோலாகக் கட்டியது. அது கனமான பாறை. மேலே கடல் வந்தது. அந்தக் கறுப்புத் தோல் அங்கங்கே திரும்ப உள்ளே போனது. போகும்போது கடல் தண்ணீரையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு போனது. தண்ணீர் சேர்ந்த பாறை உள்ளே சூடு பட்டதும் மொத்தமாக உருகவில்லை. அதில் லேசான சரக்கு மட்டும் உருகிப் பிரிந்து மேலே வந்தது. அதுதான் கண்டங்களின் முதல் கல். மறுபடி புதைந்து, மறுபடி வெந்து, நசுங்கி, மடிந்து, ஒவ்வொரு முறையும் லேசானது மேலே, கனமானது கீழே.

யாரும் அசையவில்லை. புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து உதாரணத்துக்குப் போனேன்.

"பால்ல இருந்து வெண்ணெய் எடுக்கிய. வெண்ணெய உருக்கி நெய் எடுக்கிய. ஒவ்வொரு தடவையும் லேசானதுதான மேல வருது? அதே மாதிரிதான் மாமா. பூமி பாலுன்னா, நாம நிக்க இந்தத் தரை நெய். லேசானதுனால அது முங்காது. கடலுக்கு அடியில இருக்க பாறையெல்லாம் உள்ள போயி உள்ள போயி புதுசு புதுசா மாறிக்கிட்டே இருக்கு. கண்டம் மட்டும்தான் கோடிக் கணக்குல வருசமா அப்படியே மெதந்துக்கிட்டு கெடக்கு."

வேலுச்சாமி யோசித்தார். "நெய்யிங்கிய. நம்ம புஞ்சை நெய்யின்னா ஏன் தம்பி கம்பு கூட வெளையல?"

சுடலைமுத்து கையைத் தட்டிச் சிரித்தார். அம்மா குனிந்து கேசரியைப் பார்த்தாள். பஜ்ஜி ஆறிப் போயிருந்தது. நான் இன்னும் கடலில் ஆக்சிஜன்கூட வராத காலத்தில் இருந்தேன். வேலுச்சாமியின் கிணற்றுக்கு வந்து சேர அந்த வேகத்தில் போனால் அன்று சாயங்காலம் ஆகியிருக்கும்.

அப்போதுதான் காபித் தட்டோடு கோமதி வந்தாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தலை குனிந்து வர வேண்டும், காபியைக் கொடுக்க வேண்டும், யாராவது பெயர் கேட்டால் காதில் விழாத மாதிரி சொல்ல வேண்டும். கோமதி காபியைக் கொடுத்தாள். தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டாள். நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் பழைய பாறையெல்லாம் இப்ப எங்கன இருக்கு? ஒண்ணாது கண்ணால பாக்க முடியுமா?"

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா, "ஏட்டி!" என்று ஒரு குரல் விட்டாள். கோமதி நகரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள்.

அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் தண்ணீரைத் தவிர வேறு கேள்வி கேட்டதில்லை. அவள் கண், மூக்கு, நிறம் எதையும் நான் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. இந்தப் பெண் எனக்கு வேண்டும் என்று அந்தக் கேள்வியிலேயே முடிவு செய்துவிட்டேன். இவள் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்கிற அளவுக்கு. மூடன் எப்போதும் தனக்கு மிக வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கால் இடறி விழுவான்.

"எங்கயும் போக வேண்டாம். இந்த ஊர்லயே இருக்கும். இப்பவே காட்டுதேன்" என்று எழுந்தேன்.

முற்றத்தில் அம்மி இருந்தது, ஆட்டுக்கல் இருந்தது. (அவற்றில் ஒன்றைத் தொட்டிருந்தால் சேதம் அதோடு போயிருக்கும்.) என் கண் அவற்றில் நிற்கவில்லை. திறந்திருந்த வாசல் வழியாக ஊர் மந்தை தெரிந்தது. மந்தையில் புளிய மரத்தடியில் உருண்டையாக, பளபளவென்று, கறுப்பாக ஒரு கல் கிடந்தது. நான் அதை நோக்கி நடந்தேன். எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். கோமதியும் வாசல்படி வரை வந்தாள்.

"மாப்பிள்ளைக்கு நம்ம கல்லு மேல கண்ணு போயிருச்சு" என்று சுடலைமுத்து முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளை என்று வேறு சொன்னார். அது அந்த ஊர் இளவட்டக்கல். பொங்கல் அன்று இளவட்டங்கள் அதைக் குனிந்து எடுத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளில் வைத்து, பின்னால் போட வேண்டும். தூக்கியவன் ஆண்பிள்ளை. அந்தக் காலத்தில் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்களாம். சுடலைமுத்து தன் வயசில் தூக்கியிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் வந்து முயற்சி செய்து, கல்லைத் தரையில் இருந்து பிரிக்க முடியாமல் திரும்பிப் போவார்கள். ஊருக்குக் கோயில் கொடை ஒரு பெருமை என்றால் இந்தக் கல் இன்னொரு பெருமை. "எங்க பாட்டனுக்குப் பாட்டன் மலையில இருந்து தோள்லயே சொமந்து கொண்டாந்த கல்லு. இந்த மாதிரிக் கல்லு வேற எந்த ஊர்லயும் கெடையாது" என்றார்.

இதையெல்லாம் அவர் சொன்னார் என்பது பிற்பாடு ஞாபகம் வந்தது. அப்போது மலை என்ற ஒரு சொல்லைத் தவிர என் காதில் ஒன்றும் ஏறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கை பட்டு, வேர்வை பட்டு, பொங்கலுக்குப் பொங்கல் எண்ணெய் பூசி, கல்லின் மேல்தோல் எதையும் காட்டவில்லை. எங்கள் பேராசிரியர் வகுப்புக்கு வகுப்பு சொல்லுவார்: பாறையின் வெளித்தோலை நம்பாதே, உடைத்துப் புது முகம் பார்க்காமல் பெயர் சொல்லாதே.

நான் பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன்.

கல்லைத் தட்டிப் பார்ப்பேன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதில்லையா, அப்படி. யாரும் தடுக்கவில்லை. நான் ஓரமாக ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, கல்லூரியில் சொல்லிக் கொடுத்தபடி மணிக்கட்டை வளைத்து, ஒரே போடு போட்டேன்.

சத்தம் கோயில் மணி மாதிரி இருந்தது. நல்ல பாறை. ஆமவடை அளவில் ஒரு சில்லு தெறித்து, சுடலைமுத்துவின் காலடியில் போய் விழுந்தது.

மந்தையில் காகம் கூடக் கத்தவில்லை. அந்த அமைதியை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். சுடலைமுத்துவின் காலடியில் குனிந்து சில்லை எடுத்தேன். பிறகு அதை நக்கினேன்.

(இதை விளக்கியாக வேண்டும். புது முகத்தை ஈரப்படுத்தினால் நிறமும் வரியும் தெளிவாகத் தெரியும். தண்ணீர் இல்லாத இடத்தில் நாக்குதான் வசதி. உலகம் முழுக்க நிலவியல்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உலகம் முழுக்க அவர்கள் பெண் வீட்டார் முன்னால் செய்வதில்லை.)

பையிலிருந்த லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். வெள்ளை வரி, கறுப்பு வரி, மாறி மாறி. நடுநடுவே மாதுளை முத்து மாதிரி சிவப்புப் புள்ளிகள். ஒருகாலத்தில் மிதந்து வந்த லேசான சரக்கு, புதைந்து வெந்து நசுங்கி வரி வரியாக ஆன வரிப்பாறை. நான் தேடியது அப்படியே கையில் இருந்தது. சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"நெனச்சேன்! இது மலையில இருந்து வந்ததே இல்ல. இந்தத் தரைக்கு அடியில இருக்க அதே பாறை. பக்கத்து ஊர் ஓடையில போன வாரம் பாத்தேன், அங்கயும் இதே கல்லுதான். அதுவும் இதுவும் ஒரே பாறை, கூடப் பொறந்ததுன்னே சொல்லலாம்!"

ஊர்ப் பெருமையை உடைத்து, அதை நக்கி, அதைப் பக்கத்து ஊரோடு சம்பந்தம் பண்ணியும் வைத்தாயிற்று. சுத்தியலோடு இன்னொரு ஆள் கூடவே இருந்திருந்தாலும் அதற்கு மேல் செய்திருக்க முடியாது.

"யாருவே இவன்!" என்றார் சுடலைமுத்து. சற்று முன் மாப்பிள்ளை.

அடுத்து ஊரே மந்தையில் கூடிவிட்டது. கல்லைச் சுற்றி நின்று, உடைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, சாவு வீட்டில் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் போய், "சின்னப் பய, தெரியாமச் செஞ்சிட்டான்" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். எம்.எஸ்ஸி. முடித்த சின்னப் பயல் நான், சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயில் இன்னும் விளக்கெண்ணெய் ருசி இருந்தது.

சுடலைமுத்துதான் சிக்கலை எடுத்துச் சொன்னார். "எடை கொறஞ்சு போச்சுல்லா? வார பொங்கலுக்கு அந்த ஊர்க்காரன் தூக்கிட்டான்னு வைங்க. கொறஞ்ச கல்லத்தான தூக்குனன்னு நாம சொல்லலாம். நம்ம பய தூக்குனான்னு வைங்க. அவனும் அதையேதான சொல்லுவான்? இனி இந்தக் கல்ல எவன் தூக்கினாலும் தூக்கினதா அர்த்தமே இல்லவே!"

கூட்டம் அதைக் கேட்டு முனகியது. எனக்கே அந்த நியாயம் சரி என்று பட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலுச்சாமியைப் பார்த்தார்.

"மச்சான், கல்ல ஒடச்சவனுக்கு என் மருமவளக் கட்டிக் குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவியளப் பஸ் ஏத்தி வுடுங்க."

அவ்வளவுதான். தாய்மாமன் சொல்லிவிட்டார். நான் வாசல்படியைப் பார்த்தேன். அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணை இனி பார்க்கவே முடியாது என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (வேலுச்சாமி தேடிய தண்ணீரில் நான் கண்டுபிடித்துக் கொடுத்தது அன்றைக்கு அது மட்டும்தான்.)

கோமதி வாசல்படியிலிருந்து இறங்கி மந்தைக்கு வந்தாள். நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள். சில்லைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூக்குத்திக் கல்லு மாதிரில்லா இருக்கு உள்ள" என்றாள், தனக்குத் தானே. பிறகு மாமாவிடம் திரும்பினாள்.

"நான் கேட்டதுனாலதான் மாமா ஒடச்சாவ. எடதான கொறஞ்சிருக்கு? சில்லு இங்கனதான இருக்கு. தூக்குதவன் சில்ல மடியில கட்டிக்கிட்டுத் தூக்கட்டும். ரெண்டும் சேந்து பழைய எட வந்துரும்லா?"

கூட்டம் யோசித்தது. ஒருவர் தலையாட்டினார், இன்னொருவர் ஆட்டினார். மடியில் கட்டிய சில்லு கல்லோடு சேர்ந்து தோளுக்கு ஏறாது என்று இயற்பியல் படித்தவர்கள் இந்த இடத்தில் சொல்லுவார்கள். எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்க நான் செய்த புத்திசாலித்தனம் அது ஒன்றுதான்.

சுடலைமுத்துவுக்கு மருமகள் மேல் கோபப்படத் தெரியாது. அதனால் மிச்சக் கோபத்தையும் என் பக்கம் திருப்பினார். "சரிதான். அப்ப ஒடச்சவரே மொதல்ல கட்டிக்கிட்டுத் தூக்கட்டும். சில்லுக் கணக்கு சரியா இருக்கான்னு பாத்துருவோம்."

அவரே சில்லைத் துண்டில் முடிந்து என் இடுப்பில் கட்டினார். மூச்சு முட்டுகிற அளவு இறுக்கிக் கட்டினார். நான் கல்லுக்கு முன்னால் குனிந்தேன். பூமியின் மேலோடு பற்றி எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அது எவ்வளவு கனம் என்பது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. லேசான சரக்கு, லேசான சரக்கு என்று காலையில் இருந்து பாடியவன் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்தேன். முதுகில் ஏதோ சொடக்கியது. பார்வையில் நட்சத்திரம் தெரிந்தது. கல் அசைந்தது! தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது என்று நான் இன்றும் சொல்லுவேன். ஒரு விரல்கடை என்று கோமதி சொல்லுவாள். பிறகு அது எண்ணெய்ப் பிசுக்கில் நழுவி, நேராக என் இடது கால் பெருவிரலில் இறங்கி உட்கார்ந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

கல்லை நகர்த்த வந்தவர்களின் கை எண்ணெயில் வழுக்கியதால் சுடலைமுத்துவே வந்து புரட்டித் தள்ளினார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். எங்கள் ஊர் அம்மன் ஆடித்தபசில் ஒற்றைக் காலில் நின்று வரம் வாங்கியது உலகத்துக்கே தெரியும். நான் நின்ற கோலத்தைப் பார்த்தால் இருக்கிற வரத்தையும் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். சுடலைமுத்து என்னைப் பார்த்தார். பெருவிரலைப் பார்த்தார். "ஏ கிறுக்குப் பயலே" என்றார். குரல் மாறியிருந்தது. சட்டென்று குனிந்து, இளவட்டக்கல்லைத் தூக்கிய அதே தோளில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அவர் வேலுச்சாமியிடம் சொன்னதைக் கேட்டேன்.

"மச்சான், இவன் கல்ல விட ரொம்ப லேசா இருக்கான். நம்ம பிள்ள சமாளிச்சிரும்."

எனக்குப் பெண் நிச்சயமானது இப்படித்தான்.

கல்யாணத்தில் என் இடது பெருவிரலில் பெரிய கட்டு. கோமதியின் காலை அம்மியில் வைத்து மெட்டி போட நான் குனிந்தபோது, பக்கத்தில் நின்ற சுடலைமுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மிய யாராது பிடிச்சுக்கோங்கடே" என்றார். கல்யாண போட்டோவில் எல்லோரும் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அப்பா உள்பட. நான் மட்டும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு அதுவும் சிரிப்பாகத்தான் தெரியும்.

பிற்பாடு எனக்கு நிலத்தடி நீர் பார்க்கிற ஆபீஸிலேயே வேலை கிடைத்தது. மாமனாரின் புஞ்சையில் கிணற்றுக்கு இடம் காட்டினேன். தண்ணீர் வந்தது. நான் காட்டிய இடத்தில் இல்லை, எருமை கட்டும் முளைக்குக் குழி தோண்டிய இடத்தில். அவர் கடைசி வரை என் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். மருமகனை விட்டுக்கொடுக்காத மனுஷன்.

சில்லு எங்களிடமே தங்கிவிட்டது. ஊரில் வைத்தால் பக்கத்து ஊர்க்காரன் எடுத்துப் போய்விடுவான் என்று சுடலைமுத்து மாமா கோமதியிடமே கொடுத்துவிட்டார். சங்கரன்கோவில் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளிகளைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பொட்டு உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் அதை எடுத்துக்கொண்டு நாங்கள் போக வேண்டும். நாங்கள் போகாமல் கல் தூக்க முடியாது. ஒரு வருஷம் பஸ் தாமதமாகி, மந்தை முழுக்கக் கூட்டம் காத்துக் கிடந்தது. நான் இறங்கி நொண்டி நொண்டி வரும்போது மைக்கில், "சில்லு மாப்பிள்ளை வந்துட்டாவ! இளவட்டங்கள் தயாராகவும்!" என்று அறிவித்தார்கள். எத்தனையோ கூட்டங்களில் பூமியின் மேலோடு பற்றிப் பேசியிருக்கிறேன். அதற்கு எந்த ஊரும் இப்படிக் கைதட்டியதில்லை.

வீட்டில் இன்றைக்கும் நான் எந்தச் சாமானையும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. பிள்ளைகள் என்னிடம் ஏதாவது சந்தேகம் கேட்டால் கோமதி அடுப்படியில் இருந்தே, "அவியகிட்ட கேக்காதிய, ஒடச்சுக் காட்டுவாவ" என்பாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கணக்குத் தப்பாகப் போட்டு வந்தால்கூட அந்த வசனம்தான்.

போன மாதம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். பையன் நல்ல பையன்தான். ஆனால் அவன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதற்கு, கம்ப்யூட்டர் எப்படி உண்டானது என்பதில் இருந்து ஆரம்பித்துவிட்டான். அவர்கள் போன பிறகு மகள் சந்தேகத்தோடு அம்மாவிடம் கேட்டாள்.

"எம்மா, நீ எதப் பாத்து அப்பாவக் கட்டிக்கிட்ட? கல்ல ஒடச்சு, நக்கி, கால்ல போட்டுக்கிட்டு அழுதாவ. அதுக்கப்புறமும் எப்படிச் சரின்ன?"

நான் பேப்பருக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோமதி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"லேசானதுதான் முங்காம கடைசி வரைக்கும் கெடக்கும்னு உங்கப்பாதான் அன்னைக்குச் சொன்னாவ" என்றாள். "மாமா தோள்ல தொங்கிக்கிட்டு வரும்போது பாத்தேன். ரொம்ப லேசா இருந்தாவ."